ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு: மீசை, வியர்வை, தொப்பை, வயசு

ஜப்பான் கிளம்புகிறவனுக்கு ஊரே அறிவுரை சொல்லும். புளி எத்தனை கிலோ, குக்கர் எத்தனை லிட்டர், மொழித் தேர்வை முடித்துவிட்டுப் போவதா, போய் முடிப்பதா என்று ஒரு பட்டியலே கையில் இருக்கும். உடம்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் இறங்கிய முதல் மாதத்தில் நம்ம பையன்கள் அதிகம் தடுமாறுவது அதில்தான். தோக்கியோவில் நம்மவர்கள் கூட்டமாக இருக்கும் நிஷிகசாய் பக்கம் புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: மீசையை எடுக்கணுமா அண்ணா, பக்கத்தில் உட்காருகிறவர் முகம் சுளிக்கிற மாதிரி இருக்கே, கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து குளிக்கப் போகலாம் என்கிறார்களே, நான் எப்படி வேட்டி துண்டு இல்லாமல் போவது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஒன்று செய்கெட்சுகான். செய்கெட்சு என்றால் சுத்தம், கான் என்றால் உணர்வு. நீங்கள் சுத்தமாக இருக்கிறீர்களா என்பது கேள்வியே இல்லை, பார்க்கிறவருக்கு உங்களைப் பார்த்தால் சுத்தமானவர் என்று தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி. காலையும் மாலையும் குளித்துவிட்டு மூக்கு முடி வெளியே தெரிய உட்கார்ந்திருந்தால் அங்கே அது அழுக்குக் கணக்கில்தான் சேரும். இன்னொரு சொல் மிதாஷினாமி. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அங்கே நடத்தும் பயிற்சியில் இதைக் கட்டாயம் சொல்வார்கள்: ஓஷாரே, அதாவது அலங்காரம், உனக்காகச் செய்துகொள்வது, மிதாஷினாமி எதிரில் இருப்பவருக்காகச் செய்வது. ஆண் அழகாக இருக்க வேண்டும், ஆஜானுபாகுவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான். அடுத்தவருக்குச் சங்கடம் தராத உடம்பு, அதுதான் அங்கே வளர்ந்த ஆணின் உடம்பு. கீழே நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

முகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நமக்கு மீசை ஆம்பளைத்தனம், அதை எடு என்றால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும், எனக்கும் ஆனது. ஆனால் ஜப்பானில் மீசையே வைக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2024இல் வந்த 1000 யென் நோட்டை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும் நுண்ணுயிரியல் ஆய்வாளர் கிதாசாதோ ஷிபாசபுரோ மீசையோடுதான் இருக்கிறார். 1984இல் வந்த பழைய 1000 யென் நோட்டில் இருந்த எழுத்தாளர் நட்சுமே சோசெகிக்கும் நல்ல மீசை. மெய்ஜி பேரரசர் காலத்தில், 1871இல் குடுமியை வெட்டிக்கொள்ளலாம் என்று அரசு ஆணை வந்து, 1873இல் பேரரசரே தலைமுடியை வெட்டிக்கொண்ட பிறகு, பெரிய மனிதர்கள் எல்லாம் ஐரோப்பியர் மாதிரி மீசையும் தாடியும் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த அலுவலகக் காலத்தில்தான் மழித்த முகம் கட்டாயம் மாதிரி ஆகிவிட்டது. 2010இல் குன்மா மாநிலத்தின் இசெசாக்கி நகராட்சி தன் ஊழியர்கள் தாடி மீசை வைக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. அதே நேரம், ஒசாகாவில் நகர சுரங்க ரயில் ஓட்டுநர்கள் இரண்டு பேர், தாடி வைத்ததற்காகப் பணி மதிப்பீட்டில் குறைத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு 2019இல் ஜெயித்தார்கள். தாடி வைப்பது தனிமனிதர் உரிமை என்பதை ஒப்புக்கொண்டு, இருவருக்கும் சேர்த்து 4 லட்சத்து 40 ஆயிரம் யென் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஆகவே சட்டம் உங்கள் பக்கம், பழக்கம் எதிர்ப்பக்கம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். விண்ணப்பத்தில் ஒட்டுகிற புகைப்படத்துக்கும் நேர்காணலுக்கும் மழித்துவிட்டுப் போங்கள், இல்லை மீசை வேண்டும் என்றால் உதட்டுக்கு மேல் கோடு பிசகாமல் கத்தரித்து வையுங்கள். ஹோட்டல், உணவகம், முதியோர் பராமரிப்பு மாதிரி ஆட்களை நேரில் பார்க்கிற வேலையில் கறாராக இருப்பார்கள், மென்பொருள் கம்பெனிகளில் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள்: "ஹிகே வா தாய்ஜோபு தெசு கா", தாடி மீசை இருந்தால் பரவாயில்லையா, என்றால் போதும். ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள், நம்ம ஊரில் நாயகர்கள் வைக்கிற அந்த மூன்று நாள் தாடி. அதற்கு அங்கே புஷோஹிகே என்று பெயர், சோம்பேறித் தாடி என்று அர்த்தம். முழுத் தாடிகூடப் பரவாயில்லை, அதைப் பராமரிக்கிறான் என்று தெரியும். பாதித் தாடி என்றால் காலையில் எழுந்து முகத்தைப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் கார்த்திகை பிறக்கும் முன்பே மேலாளரிடம் "ஷூக்யோ நோ ரியூ தே", மதக் காரணத்தால், இன்ன தேதி வரை தாடி இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்ன விஷயத்துக்கு அங்கே பெரிய மரியாதை உண்டு. சொல்லாமல் வளர்த்துவிட்டுப் பிறகு விளக்கம் கொடுப்பது எடுபடாது.

மூக்கு முடி, நகம், சட்டைக் காலர், காலுறையில் ஓட்டை, இந்த நான்கையும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றுகிற ஊர், காலுறை எல்லோர் கண்ணிலும் படும். தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் சனிக்கிழமை ராத்திரி வைத்து ஞாயிறு அலசிவிடுங்கள்.

அடுத்து வாசனை. இதைச் சொல்லும்போது பையன்களின் முகம் வாடிவிடும், அதனால் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். இது உங்கள் சுத்தத்தைப் பற்றிய விஷயம் இல்லை. ஏபிசிசி11 என்று ஒரு மரபணு இருக்கிறது. கிழக்காசியாவில் பெரும்பாலோருக்கு அதன் ஒரு வகை இருப்பதால் காதுக் குறும்பி பிசுபிசுப்பு இல்லாமல் உலர்ந்து பொடியாக இருக்கும், அக்குள் வாடையும் மிகக் குறைவாக இருக்கும். குறும்பிக்குக் காரணம் இந்த ஒரே மரபணு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டுபிடித்தார்கள். அங்கே வீட்டுக்கு வீடு மூங்கில் காதுக்குச்சி இருப்பதுகூட இதனால்தான், உலர்ந்த குறும்பிக்குத்தானே குச்சி சரிப்படும். நம்மில் பலருக்கு அந்த வகை கிடையாது. அவர்கள் மூக்கு நம் வியர்வைக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தீர்க்கிற சமாசாரமும் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. சட்டைக்கு உள்ளே பனியன், கோடையிலும். குளித்ததும் அக்குளுக்கு வியர்வை தடுக்கும் மருந்து. பையில் துடைக்கிற ஈரத்தாள் பொட்டலம், எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும், அலுவலகத்தில் நுழையும் முன் கழிப்பறையில் கழுத்தையும் அக்குளையும் ஒரு துடை. வாடையை மறைக்க செண்ட்டை அள்ளித் தெளிக்காதீர்கள், அது இன்னும் மோசம். சுமேஹாரா என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், வாசனையால் பிறருக்குத் தருகிற தொல்லை என்று பொருள், அதில் செண்ட்டும் சேர்த்திதான். அப்புறம் தாளிப்பு. தோக்கியோவில் நமக்குக் கிடைக்கும் ஒற்றை அறை வீட்டில் அடுப்புக்கும் கோட்டு மாட்டுகிற கொக்கிக்கும் நாலு எட்டுதான் இருக்கும். என் முதல் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்துவிட்டு திங்கள்கிழமை அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மின்தூக்கிக்குள் நுழைந்து கதவு மூடியபோதுதான் சோம்பும் பட்டையும் என் தோளிலிருந்து வருவது எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து கோட்டுக்கு ஜிப் வைத்த உறை, சமைக்கும்போது புகைபோக்கி ஓடிக்கொண்டே இருக்கும், சமைத்து அரை மணி வரை ஜன்னல் திறந்திருக்கும்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் என்று நினைத்துக் குறுகிப்போகாதீர்கள். நாற்பது தாண்டிய ஜப்பானிய ஆண்கள் இதற்காகப் படும் பாடு கொஞ்சமில்லை. வயதானவர் உடம்பிலிருந்து வரும் ஒரு வாடைக்கு 1999இல் ஷிசெய்தோ நிறுவனம் கரெய்ஷூ என்று பெயர் வைத்தது, அதிலிருந்து அதற்கென்றே சோப்பு, அதற்கென்றே உள்சட்டை என்று ஒரு சந்தையே ஓடுகிறது.

உடல் முடி விஷயத்திலும் அப்படித்தான். ரயிலில் ஏறினால் ஆண்களுக்கான முடி நீக்க விளம்பரம் தலைக்கு மேலே தொங்கும். கை கால் முடிக்கு அவர்கள் மொழியில் முதாகே என்று பெயர், வீண் முடி. பள்ளிக்கூடப் பையன்கள் தாடி முளைக்கும்போதே அதை நிரந்தரமாக எடுக்கக் காசு சேர்க்கிறார்கள். இன்னும் ஒன்று இருக்கிறது, கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள், நாளை நான் படுக்கையில் விழுந்தால் என்னைக் கழுவிவிடுகிறவருக்குக் கஷ்டம் இருக்கக் கூடாது என்று இப்போதே கீழ்ப்பகுதி முடியை எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குப் பராமரிப்பு முடி நீக்கம் என்றே பெயர். எவ்வளவு பெரிய கரிசனம், அதற்குள் எவ்வளவு பெரிய பயம். நீங்கள் இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை. நெஞ்சில் முடி இருப்பதற்காக யாரும் உங்களை வேலையை விட்டு அனுப்பப்போவதில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள், போதும். மனசு சங்கடப்பட்டு லட்சக்கணக்கான யென்னுக்குத் தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பாராட்டுகளைப் புரிந்துகொள்வதும் ஒரு வித்தை. உங்களை "சுமாத்தோ" என்றால் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை, ஒல்லியாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். "சுதாய்ரு கா ஈ" என்றால் உடையை இல்லை, உடல்வாகைச் சொல்கிறார்கள். "காவோ கா சீசாய்", முகம் சின்னதாக இருக்கிறது என்பது அங்கே பெரிய புகழ்ச்சி. நம்மைப் பார்த்து அதிகம் சொல்வது "காவோ கா கோய்". கோய் என்றால் திக்கான காபியைச் சொல்வோமே, அந்தத் திக்கு. புருவம், கண், மூக்கு எல்லாம் அழுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். 1980களின் கடைசியிலேயே ஆண் முகங்களை சோயா சாஸ் முகம், சாஸ் முகம் என்று பிரித்துப் பேசியவர்கள் அவர்கள். மென்மையான முகம் முதல் வகை, அழுத்தமான முகம் இரண்டாவது. கோபப்பட ஒன்றுமில்லை, "சொன்னா கோதோ நாய் தெசு", அப்படியெல்லாம் இல்லைங்க, என்று சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் பதிலுக்கு நீங்கள் அவர்கள் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். "என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க" என்பது நமக்குப் பாசம், அங்கே அலுவலகத்தில், அதுவும் பெண்களிடம், அது புகாராகப் போய் நிற்கும்.

வெயிலில் குடை பிடிக்கத் தயங்காதீர்கள். முன்பு அது பெண்கள் வழக்கமாக இருந்தது, 2019இல் சுற்றுச்சூழல் அமைச்சகமே ஆண்களையும் வெயில் குடை பிடிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தது.

இனி வயிறு. ஜப்பானிய மொழியில் வயிறு பெருமைக்குரிய உறுப்பு. தாராள மனசுக்காரரை ஃபுதொப்பாரா, பருத்த வயிற்றுக்காரர் என்பார்கள். மனம் திறந்து பேசுவதை வயிற்றைப் பிளந்து பேசுவது என்பார்கள். ஆண்கள் கிமோனோ கட்டினால் இடைக்கச்சை தொப்புளுக்குக் கீழே இறங்கி நிற்கும், கொஞ்சம் வயிறு இருந்தால்தான் அது எடுப்பாக இருக்கும், ஒல்லியானவர்களுக்கு உள்ளே துண்டு மடித்து வைத்துக் கட்டிவிடுவார்கள். இப்படி இருந்த வயிற்றை 2008 ஏப்ரலில் வந்த ஒரு ஏற்பாடு அளவுநாடாவுக்குள் கொண்டுவந்துவிட்டது. 40 முதல் 74 வயது வரை எல்லோருக்கும் காப்பீட்டு அமைப்பு நடத்துகிற தனிப் பரிசோதனை, அதில் வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 85 சென்டிமீட்டரை, பெண்ணுக்கு 90 சென்டிமீட்டரை எட்டினால் குறித்துக்கொள்வார்கள். மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பதைச் சுருக்கி, தொப்பை போட்டவரைச் சொல்கிற மெதாபோ என்ற சொல் வீடுவீடாகப் பரவியது இப்படித்தான்.

ஜப்பானில் குண்டாக இருப்பது குற்றம், அபராதம் போடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய். உங்களுக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. சுற்றளவோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றையும் பார்த்து, தேவைப்பட்டால் ஊட்டச்சத்து நிபுணரோ சுகாதாரச் செவிலியரோ உட்காரவைத்துப் பேசுவார், அவ்வளவுதான். எனக்கு 41 வயதில் நடந்தது இது. செவிலியர் அம்மா நாடாவைத் தொப்புள் உயரத்தில் சுற்றி, மூச்சை மெதுவாக விடுங்கள் என்றார். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார், மூச்சு விடாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும், விட்டேன், 91. அந்த எண்ணை அவர் சத்தமாகச் சொல்லவில்லை, தாளில் எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தப் பண்பை நான் மறக்கவே இல்லை. நீங்கள் வயிற்றை இழுக்காதீர்கள், உண்மையான எண் உங்களுக்குத்தான் உதவும். தெற்காசிய ஆண்களுக்குச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு சொல்கிற எல்லையே 90தான், நமக்குச் சர்க்கரை சீக்கிரம் வரும் உடம்பு.

குளியலுக்கு வருவோம், எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஹதாகா நோ த்சுகியாய் என்று ஒரு சொல்வழக்கு, நிர்வாணமாகப் பழகுதல் என்று பொருள். பட்டம், பதவி எல்லாம் உடையோடு வெளியே போய்விடுகிறது, உள்ளே எல்லோரும் ஒன்று என்பது கருத்து. கம்பெனிப் பயணத்தில் வெந்நீர் ஊற்றுக்குப் போவார்கள், அதற்கு முன் பக்கத்துத் தெரு பொதுக்குளியலகத்தில், அதுதான் செந்தோ, தனியாக ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். தோக்கியோவில் 2024 ஆகஸ்டில் கட்டணம் 550 யென் ஆனது. நீலத் திரை ஆண்கள் பக்கம் என்பது பொது வழக்கம், ஆனாலும் திரையில் இருக்கிற 男 என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டு நுழையுங்கள். உடை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் மாட்டிக்கொண்டு, சின்னத் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஜட்டியோடு போகக் கூடாது, அதுதான் அங்கே அசிங்கம். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்காமல், தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டு அலசுங்கள். நுரை ஒரு துளி இருக்கக் கூடாது. முக்காலியையும் அலசி வையுங்கள். நடக்கும்போது துண்டை முன்னால் பிடித்துக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். தொட்டிக்குள் துண்டு போகக் கூடாது, மடித்துத் தலையில் வையுங்கள். தண்ணீர் 42 டிகிரி பக்கம் இருக்கும், மெதுவாக இறங்குங்கள்.

முதல் தடவை நான் சுவரைப் பார்த்துக்கொண்டே குளித்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், எண்பது இருக்கும், வயிற்றில் நீளமான அறுவைச் சிகிச்சைத் தழும்பு, முதுகு வளைந்து எலும்பு தெரிகிற உடம்பு, ஒரு கூச்சமும் இல்லாமல் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்த எந்த உடம்பும் விளம்பரத்தில் வருகிற உடம்பு இல்லை. பத்து நிமிடத்தில் என் கூச்சம் போய்விட்டது. இந்த ஊரில் ஆண் உடம்பை அதன் உண்மையான நிலையில் பார்க்கக் கிடைக்கிற இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அம்மாவோடு பெண்கள் பக்கம் குளிக்கிற சிறுவர்கள்கூட இப்போது ஏழு வயதில் ஆண்கள் பக்கம் வந்துவிட வேண்டும். முன்பு பத்து வயதாக இருந்ததை 2020 கடைசியில் சுகாதார அமைச்சகம் மாற்றியது. ஏழு வயதுப் பையன் முதல் தடவை அப்பா இல்லாமல் தனியாக முக்காலி எடுத்துப் போட்டு உட்காருவதைப் பார்த்தால் தெரியும், வளர்வது என்றால் அங்கே எங்கிருந்து தொடங்குகிறது என்று.

பிடிக்கவில்லை என்றால் போக வேண்டாம், தலைவலி என்றோ அறையிலேயே குளித்துக்கொள்கிறேன் என்றோ சொன்னால் விட்டுவிடுவார்கள். பச்சை குத்தியிருந்தால் பல வெந்நீர் ஊற்றுகளில் அனுமதி இல்லை, முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாரை அங்கே வளர்ந்த ஆள் என்கிறார்கள். சட்டப்படி 2022 ஏப்ரல் 1 முதல் 18 வயது. அதற்கு முன் 20. ஆனால் மது, சிகரெட் இரண்டுக்கும் இன்றும் 20தான், மாணவர்களாகப் போகிற தம்பிகள் இதை மனதில் வையுங்கள். ஜனவரி இரண்டாம் திங்கள்கிழமை வளர்ந்தவர் ஆகும் நாள் விடுமுறை, கோட்டு சூட்டிலும் ஹகாமா என்கிற மடிப்பு வைத்த மரபு உடையிலும் பையன்கள் நகராட்சி விழாவுக்குப் போவதைப் பார்க்கலாம். வளர்ந்தவரைக் குறிக்கும் ஒதொனா என்ற சொல்லை எழுதும்போது பெரிய, மனிதர் என்று இரண்டு எழுத்தாக எழுதுவார்கள், நாம் பெரிய மனுஷன் என்கிற மாதிரியே. ஆனால் நடைமுறையில் எடை போடுகிற சொல் இச்சினின்மாயே. உணவகத்தில் ஓர் ஆள் சாப்பாடு கேட்கிற அதே சொல். ஓர் ஆளின் பங்கை முழுதாகத் தூக்குகிறவன் என்று பொருள். முடியாதவன் ஹன்னின்மாயே, அரை ஆள்.

அந்த முழு ஆள் கணக்கில் சேர, தாமதம் என்றால் ஐந்து நிமிடத் தாமதத்துக்கும் முன்பே தகவல் சொல்லுங்கள், குப்பையைப் பிரித்து அதன் நாளில் மட்டும் வையுங்கள், தவறு நடந்தால் காரணத்துக்கு முன் மன்னிப்பைச் சொல்லுங்கள், குடியிருப்பு வரியை நாளுக்குள் கட்டுங்கள். தோள் அகலத்தையும் குரல் கனத்தையும் வைத்து அங்கே யாரும் ஆம்பளைத்தனத்தை அளப்பதில்லை. ஐம்பது வயதுக்காரர் பையில் கார்ட்டூன் பொம்மை தொங்கும், ரயிலில் மாங்கா என்கிற படக்கதை படிப்பார், அவரைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒருவேளை உங்கள் பிரிவின் தலைவரே அவராக இருக்கலாம். கல்யாணம் ஆகவில்லையா என்று மட்டும் கேட்காதீர்கள். 2020 கணக்கெடுப்பின்படி 50 வயதுவரை ஒருமுறைகூடக் கல்யாணம் செய்யாத ஆண்கள் 28 விழுக்காடு, அவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்வி ஏற்கெனவே வீட்டிலும் வெளியிலும் கேட்டுப் புண்ணானது. வயதில் மூத்தவரை ஒஜிசான் என்றும் அழைக்காதீர்கள், நம்ம ஊர் அங்கிள் மாதிரி பாசமாக ஒலிக்காது, பெயருக்குப் பின்னால் சான் என்ற மரியாதைச் சொல்லைப் போட்டால் போதும்.

வயசைப் பற்றிப் பேசும்போது ஒரு சந்தோஷமான விஷயமும் உண்டு. நமக்கு இருக்கிற அதே அறுபது வருடச் சுழற்சி அவர்களுக்கும் இருக்கிறது. அறுபது முடிந்தால் கன்ரெகி, சிவப்பு நிறத்தில் கையில்லாத மேல்சட்டை போட்டுக் கொண்டாடுவார்கள். உங்கள் மேலாளருக்கு அறுபது வந்தால் நம்ம ஊர் மணிவிழாவைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், இரண்டு பேருக்கும் பேச ஒரு சாயங்காலம் முழுக்க விஷயம் கிடைக்கும்.

போன முதல் வாரத்தில் நூறு யென் கடைக்கு ஒரு நடை போய், மூக்கு முடி கத்தரி, நகவெட்டி, கோட்டு உறை, துடைக்கும் ஈரத்தாள் இரண்டு பொட்டலம் வாங்கி வையுங்கள். கூடவே செந்தோவுக்கு ஒரு சின்னத் துண்டு.